குழாய்க்குள் தண்ணீர்

கிச்சோபி ஏழு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். சட்டை மாட்டினான்.

"ககேனியா, உங்கப்பாவக் கஞ்சி குடிச்சிட்டுப் போகச் சொல்லு," என்றாள் மாமியார், முற்றத்தில் சேற்றுக் கால்களைக் கழுவியபடி, முதுகில் கட்டியிருந்த குழந்தையிடம். மாமியார் மருமகன் முகம் பார்த்துப் பேசுவது வழக்கமில்லை. அவன் மனைவி நியாவிரா இறந்து ஏழு மாதம் ஆகியும் குழந்தை வழியாகத்தான் பேச்சு. குழந்தைக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

குடித்துவிட்டு வயலுக்கு நடந்தான். நீர்மட்டம் பார்க்க மண்ணில் புதைத்திருந்த துளைக்குழாய்க்குள் அளவுக்குச்சியை விட்டான். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்திலேயே தண்ணீர். பதினைந்துக்குக் கீழே இறங்கினால்தான் மடை திறக்க வேண்டும். வேளாண் பயிற்சியில் சொன்ன கணக்கு. பதினோரு நாளாக இறங்கவில்லை. காலடியில் மண் வெடித்திருந்தது.

"படிச்சவரே, கதிர் தொண்டைல நிக்குது," பக்கத்து வயல் முதிகே குரல் கொடுத்தான். "நாளைக்கு மத்தியானத்தோட நம்ம முறைத் தண்ணி முடியுது. அப்புறம் பத்து நாளைக்கு வாய்க்கால் காஞ்சு கெடக்கும். மடையத் திற."

"குழாய்ல தண்ணி இருக்கே."

"நெல்லு குழாய்க்குள்ளயா நிக்குது? இது போச்சுன்னா வருசம் பூரா புள்ளைக்கு என்ன குடுப்ப?"

கிச்சோபி குச்சியைப் பார்த்தான். வாய்க்கால் தண்ணீர் செம்மண் நிறம். குச்சி சுத்தமாக இருந்தது.

யாரோ ஊற்றுகிறார்கள். அவன் முதிகேயைப் பார்த்தான். முதிகே சிரித்தபடி களை பிடுங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் வெளிச்சம் வந்ததுமே வெட்டுக்கத்தியோடு பயிருக்குள் குந்தினான். சற்று நேரத்தில் வரப்பில் காலடிச் சத்தம். குழாய்க்குள் தண்ணீர் விழும் சத்தம்.

கத்தியை ஓங்கியபடி எழுந்தான்.

மாமியார். முதுகில் குழந்தை தூங்கியது. கையில் குடிதண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோகும் மஞ்சள் கேன்.

கத்தி தாழ்ந்தது. "பயிர் கருகுது," என்றான். "மத்தியானத்துக்குள்ள நான் பெருவாய்க்காலுக்குப் போய் மடையத் திறந்தாகணும். ஏன் இப்படிப் பண்றீங்க?"

அவள் குழந்தையிடம் திரும்பவில்லை. முதன்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"மடை திறக்கப் போன எம்பொண்ண வாய்க்கால் திருப்பித் தரலியே, மாப்ளே."