இரண்டு மணி நேரத் தூரம்

"ஓஸ்லோவுலேருந்து கிராக்கோவுக்கு ஃப்ளைட்ல ரெண்டு மணி நேரம்தான்டி. அதுக்கே உனக்கு வலிக்குதா?" போனில் அண்ணன் ராடெக் சீறினான். "கிறிஸ்துமஸ் விருந்துல அம்மா தனியா உக்காந்து சாப்பிடணுமா? நீயெல்லாம் ஒரு பொண்ணா?"

யாகோடா முதலாளியிடம் கெஞ்சி விடுப்பு வாங்கி, விமானம் பிடித்து வந்து சேர்ந்தாள்.

அம்மா சாப்பாட்டு மேசையில் மூன்று தட்டுகளை வைத்தாள். "எனக்கொண்ணு, உனக்கொண்ணு. மூணாவது, நம்ம ஊர் கிறிஸ்துமஸ் வழக்கப்படி, சொல்லாம வர்ற யாராவது வழிப்போக்கனுக்கு."

"அப்ப அண்ணனுக்கு?"

"வந்தான்னா அந்த வழிப்போக்கன் தட்டுல சாப்பிடட்டும்."

மேல் மாடியில் ராடெக் குடியிருக்கும் வீட்டிலிருந்து சிரிப்பும் கும்மாளமும் கேட்டன.

அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "பாவம், அவன் என்ன பண்ணுவான்? மாடியிலேருந்து கீழ வர்றதுக்கு இன்னும் ஃப்ளைட் விடலையே!"