கையால பார்த்தா போதும்

"வந்தாச்சுப்பா, மாதாந்திரம்!" என்று முணுமுணுத்தாள் நர்ஸ்.

மார்பகப் பரிசோதனைப் பிரிவுக்கு வரும் அந்த அம்மாளுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. போன வருஷம் அவருடைய மார்பில் இருந்த சின்னக் கட்டியை டாக்டரம்மாதான் விரலால் தடவிக் கண்டுபிடித்தார். நல்லவேளை, புற்றுநோய் இல்லை. கட்டியை எடுத்தாகிவிட்டது. அதோடு விட்டதா? மாதம் தவறாமல் வந்து நிற்கிறார்.

"இப்ப என்னம்மா?"

"இடது பக்கம் என்னமோ தட்டுப்படற மாதிரி இருக்கு சிஸ்டர்."

"போன மாசம் வலது பக்கம்னீங்க?"

"அது சரியாப் போச்சு."

"ஸ்கேன் எழுதித் தரச் சொல்றேன். எடுத்துட்டு வாங்க."

"மெஷினெல்லாம் வேண்டாம்மா. கையால பார்த்தா போதும்."

"அப்ப சின்ன டாக்டர்கிட்ட போங்க. கூட்டமே இல்லை."

"இல்லம்மா, டாக்டரம்மாவே பார்க்கட்டும். எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்."

"கட்டி இருந்தா யார் கைக்கும்தானே தட்டுப்படும்?"

கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டரம்மாவின் அறைக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டார்.

நர்ஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜமான கட்டியோடு எத்தனை பேர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள்! இந்தக் கூத்துக்கு இன்றோடு முற்றுப்புள்ளி வைத்துவிட வேண்டியதுதான்.

கடைசி ஆளாகத்தான் உள்ளே விட்டாள்.

டாக்டரம்மா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார்.

"கையைத் தலைக்கு மேல தூக்குங்க."

மூன்று விரல்கள் மெல்ல வட்டமிட்டன. இடது பக்கம், வலது பக்கம், அக்குள், கழுத்தெலும்பின் மேல். மற்றவர்களுக்கு ஆவதைப் போல இரண்டு மடங்கு நேரம் ஆனது.

"வலிக்குதா?"

"இல்லை."

"நல்லா சாப்பிடறீங்களா?"

"ம்."

"தூக்கம் வருதா?"

அந்த அம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது. தலையை மட்டும் அசைத்தார். பாவம், பயம் என்று நர்ஸ் நினைத்தாள்.

"கட்டி எதுவும் இல்லை. பயப்படாதீங்க. அடுத்த மாசம் வாங்க."

போக மனமில்லாமல், ஒவ்வொரு கொக்கியாக நிதானமாக மாட்டிக்கொண்டு போனார்.

நர்ஸ் பொரிந்து தள்ளினாள். "நீங்களே இடம் கொடுக்கறீங்க டாக்டர். ஒண்ணுமில்லாததுக்கு மாசாமாசம் வந்து உயிரை வாங்கறாங்க. அடுத்த தடவை சின்ன டாக்டர்கிட்ட தள்ளிவிட்டுடறேன்."

"வேண்டாம் சிஸ்டர்."

"வீட்டுல ஏன்னு கேட்க ஆளில்லை போல. அதுக்கு நாமளா கிடைச்சோம்?"

கை கழுவக் குழாயைத் திறந்த டாக்டரம்மா, கழுவாமலே மூடினார்.

"நான் விரும்பினவரைக் கட்டிக்கிட்டேன்னு, என்னை மகள்னு கூப்பிடக் கூடாது, என் வீட்டுப் படி ஏறக் கூடாதுன்னு எங்கப்பா அவங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டார் சிஸ்டர். எங்கம்மாவைத் தொட எனக்கும் இதை விட்டா வேற இடமில்லை."