ஈரத் தாள்

“எக்கா, துணிமணியெல்லாம் எடுத்து வச்சிட்டியா? ஊர்வலம் முடிஞ்ச கையோட நம்ம வீட்டுக்குக் கிளம்பிருவோம்.”

தம்பி விஜயசங்கர் வாசலில் நின்றே கேட்டான். அத்தான் இருக்கிற வீட்டுக்குள் கால் வைப்பதில்லை என்று ஊரறியச் சொல்லியிருந்தான்.

“எடுத்து வச்சிட்டேன்லே,” என்றாள் கல்யாணசுந்தரி.

உள்ளே நாற்காலியில் இருந்த அவள் கணவர் கைலாசம் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

தென்காசி முழுக்க அவர் பேச்சுதான். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். ஒரு கூட்டத்தில் புராணப் புத்தகத்தை விரித்து, இன்ன குலத்தாரின் நிழல்கூடத் தீட்டு என்று சொல்கிற பக்கத்தை வாசித்துக் காட்டினார். “இந்தப் பக்கம் நமக்கு வேண்டாம்” என்று சொல்லி, மேடையிலேயே அதைக் கிழித்தார். யாரோ போனில் படம் எடுத்தார்கள். விடிவதற்குள் அது புளியறை தாண்டிக் கேரளத்துக்கே போய்விட்டது.

ஊருக்குத்தான் அது ஏதோ ஒரு புத்தகம். கல்யாணசுந்தரிக்கு அவளுடைய அப்பா கல்யாணத்தன்று கையில் கொடுத்தது. அதைத்தான் கைலாசம் பூஜை அலமாரியிலிருந்து அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

அன்றே கேட்டாள்: “மனசுல பட்டதச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு. நான் இல்லன்னு சொல்லல. வாயால சொல்லியிருக்கலாம்லா? கை எதுக்குப் போச்சு?”

“அந்த வரிய நீ ஒத்துக்கிடுதியா?”

“ஒத்துக்கிடல. எங்கப்பாகிட்டயும்தான் ஆயிரம் குத்தம் இருந்துச்சு. அதுக்காக அவர் படத்தக் கிழிச்சிருவீங்களா?”

கைலாசம் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அவள் சோறு வைப்பாள், அவர் சாப்பிடுவார்.

ஊர்வலம் ரத வீதிக்குள் நுழைந்தது. வேன் மேலிருந்து நோட்டீஸை அள்ளி அள்ளி வீசினார்கள். வழவழப்பான தாள். மேலே கலரில் சாமி படம், அதன் கீழே அந்தப் புராணத்தின் காப்புச் செய்யுள், அதற்கும் கீழே ‘புனித நூலை அவமதித்தவனைக் கைது செய்!’

வீட்டு முன்னால் வந்ததும் கோஷம் கூடியது. மைக்கைப் பிடித்திருந்தது விஜயசங்கர். புளியங்குடி எலுமிச்சை மண்டியில் ஏலம் கூவிப் பழகிய தொண்டை.

‘வேணும், இவருக்கு நல்லா வேணும்’ என்று ஜன்னலோரம் நின்று நினைத்தாள் கல்யாணசுந்தரி. நினைத்து முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது.

ஊர்வலம் முடிந்த நேரம் சாரல் பிடித்துக்கொண்டது. எல்லோரும் எதிர்த்த டீக்கடைத் தகரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள்.

“அண்ணாச்சி, எல்லாத்துக்கும் ஸ்ட்ராங்கா போடுங்க. கத்திக் கத்தித் தொண்ட வத்திப்போச்சு!”

கல்யாணசுந்தரி பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சொல்லிக்கொள்ளாமலே போய்விட நினைத்திருந்தாள்; வரும்போது பார்த்தால் நாற்காலியில் அவர் இல்லை.

தெருவில் இருந்தார். குடையில்லை. முட்டி வலிக்காரர், நடுத்தெருவில் குத்தவைத்து, தாரோடு ஒட்டிக் கிடந்த நோட்டீஸை ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தார். சாமி முகத்தில் செருப்புத் தடம். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிற வேன்கள் அவரை விலக்க ஹாரன் அடித்துவிட்டு, மிச்சத் தாள்களின்மேல் ஏறிப் போயின. டீக்கடை வாசலில் நின்றவர்களின் காலடியிலும் அதே தாள்கள்தான். ஒருத்தரும் குனியவில்லை.

“என்ன செய்யுதீங்க?” என்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் வார்த்தை.

“காலையில கோயிலுக்கு நீ இந்த வழியாத்தான நடந்து போவ?”

“நீங்க நம்பாதவருல்லா. உங்களுக்கு என்ன வந்துச்சு?”

“எனக்கு இது தாளுதான், சுந்தரி.” அவர் நிமிரவில்லை. “உனக்கு அப்படி இல்லையே. அந்த வரி தப்புதான், இன்னைக்கும் சொல்லுதேன். ஆனா புத்தகம் உன்னது.”

அவள் பையை வாசற்படியில் வைத்தாள். தெருவில் இறங்கி, அவர் பக்கத்தில் குனிந்து, ஒரு நோட்டீஸின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். ஊறிப்போன தாள். சாமி படம் கழுத்தோடு இரண்டாகி, பாதி அவள் கையோடு வந்தது.

“ஏலே, அங்கன பாரு! திரும்பவும் கிழிக்கான்!”

டீக்கடையிலிருந்து கூட்டம் ஓடி வந்தது. ஓடி வந்த கால்களுக்கடியில் தாள்கள் நைந்து கூழாயின. எல்லோருக்கும் முன்னால் விஜயசங்கர், போனை உயர்த்திப் பிடித்தபடி.

“இவ்வளவு திமிரா அத்தான் உங்களுக்கு? இன்னைக்கு உங்கள உள்ள தள்ளாம விடமாட்டேன்!”

கைலாசம் எழுந்திருக்கப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. கல்யாணசுந்தரி எழுந்தாள். கையிலிருந்த பாதிப் படத்தைத் தம்பியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“கிழிச்சது நான்லே. நல்லா எடு படத்த.”

விஜயசங்கர் அக்காளைப் பார்த்தான். கூட்டத்தைப் பார்த்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“விடுக்கா, ஈரத்துல கிழிஞ்சிருக்கும்,” என்றான். “வெறும் நோட்டீஸுதான.”