முப்பத்து மூன்று, கீழ்ப் படுக்கை

நான்கு பெயருக்கும் டிக் அடித்துவிட்டான்.

காலை எட்டு மணி. அறுபது நாளுக்கு முந்தைய ரயில் முன்பதிவு திறக்கும் நொடி. அந்த நேரத்தில் யாருக்குத்தான் கை பதறாது. தளத்தில் சேமித்து வைத்திருந்த பெயர்கள் நான்கு. அவன், அவள், மிருதுளா, நிரஞ்சன். மேலிருந்து கீழே மடமடவென்று தட்டிக்கொண்டே போய்விட்டான்.

அவள் வீட்டை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது.

விரலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

காட்பாடியிலிருந்து விசாகப்பட்டினம். நான்கும் உறுதி. ஒரே தடுப்புக்குள், அடுத்தடுத்த படுக்கைகள்.

வாழ்நாள் முழுக்கக் காத்திருப்போர் பட்டியலில் கிடந்தவன் அவன். இந்த ஒரு தடவை, வேண்டியதைவிட ஒன்று கூடவே கிடைத்திருந்தது.

அவளுக்கு முப்பத்து மூன்று. கீழ்ப் படுக்கை. மேலே ஏறினால் அவளுக்குத் தலை சுற்றும் என்று எந்தக் காலத்திலோ அவனே பதிந்து வைத்தது.

ஒருத்தர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். இரண்டு நிமிட வேலை.

அதைச் செய்யவில்லை. டிக்கெட்டை அப்படியே அரக்கோணத்துக்கு, அண்ணன் வீட்டில் இருக்கும் அவளுக்கு, அனுப்பினான். 'தெரியாம நாலு போட்டுட்டேன்.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம்.

சாயங்காலம் பதில் வந்தது. 'பசங்களுக்கு லீவு இருபத்தஞ்சுல ஆரம்பம். தேதி சரியா இருக்கு.'

நாலைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவன் வேறு வாசல்களைத் தட்டிப் பார்த்தான்.

'அங்கே வெயில் ஜாஸ்தியாமே?'

'பசங்களுக்குத் தொப்பி வாங்கிடுங்க.'

'ரயிலுக்கு என்ன கட்டலாம்?'

'எலுமிச்சை சாதம். தயிர் வேண்டாம், புளிச்சிடும்.'

யார் கட்டுவது என்று அவள் எழுதவில்லை. அவனும் கேட்கவில்லை. அந்த எலுமிச்சை சாதத்தை வைத்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினான்.

அவள் அண்ணன்தான் ஒருநாள் போனில் பிடித்தார். "மாப்ளே, டிக்கெட்டெல்லாம் அப்புறம். மொதல்ல ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க."

"ரயில்ல பதினஞ்சு மணி நேரம் உக்காந்துதானே போகணும் மச்சான்."

அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்பு வரவில்லை.

அவனுடைய வியாதியே இதுதான். அவள் மனசுவிட்டு ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், அதற்குள் ஒரு ஜோக்கைக் கண்டுபிடித்துவிடுவான். பதினஞ்சு வருடம் கண்டுபிடித்திருக்கிறான். வீட்டிலிருந்த ஒரே பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு அவள் வாசல் தாண்டிய அன்றுகூட, "ஒரு சக்கரம் ஆடுது, பாத்து" என்றான்.

அவள் தெருமுனை திரும்பும்வரை நின்றிருந்தான். சிரித்துவிடுவாள் என்று.

சனிக்கிழமைகளில் பிள்ளைகள் அவனிடம்.

விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பலை ஏற்றி வைத்திருக்கிறார்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று சொன்னதிலிருந்து நிரஞ்சனுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழு வயது. நோட்டில் படம் போட்டு எடுத்து வந்தான். மஞ்சளாக ஒரு சூரியன். நீலமாகக் கடல். கப்பலில் வட்ட ஜன்னல் நான்கு. ஒவ்வொன்றிலும் ஒரு தலை.

நான்காவது தலைக்குப் பூ வைத்திருந்தான்.

"அம்மா வருவாங்களாப்பா?"

"பாக்கலாம்டா."

பதின்மூன்று வயது மிருதுளா போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அம்மாவும் இதையேதான் சொல்றாங்க."

அதைக் கேட்டு அவனுக்கு நம்பிக்கை வந்தது.

அவ்வளவு மோசமான நிலைமையில் இருந்தான்.

கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது, பெட்டி இல்லாமல் எதில் துணி வைப்பது என்று ஒரு செய்தி அனுப்பினான். நிஜமான கேள்விதான். பாதி நிஜம்.

'சனிக்கிழமை பசங்களோட குடுத்து விடறேன்.'

அரக்கோணம் ரயில் நிலையம். காலை வெயில் நடைமேடையில் பாதிவரை ஏறியிருந்தது. இனி ஊர் போய்த் திரும்பும்வரை பிள்ளைகள் அவனோடுதான். இரண்டு பேரும் தண்ணீர் பிடிக்கக் குழாய்க்கு ஓடினார்கள். அவளும் பெட்டியும் நின்றார்கள்.

பிடியை வாங்கி ஒரு எட்டு இழுத்துப் பார்த்தான். ஆடவில்லை. குனிந்து பார்த்தான். புதுச் சக்கரம்.

நல்ல கனம்.

கூட வருகிற எண்ணம் இல்லாதவள் சக்கரத்தை எதற்கு மாற்றுகிறாள். இரண்டு பிள்ளைகளின் துணி இவ்வளவா கனக்கும்.

நாக்கு நுனியில் ஒரு ஜோக் வந்து நின்றது. சுமாரானது இல்லை. நல்ல ஜோக்.

விழுங்கினான்.

"நீ வர்றியா?"

இந்த ஒன்பது மாதத்தில் இதை அவன் கேட்பது முதல் தடவை.

அவள் அவனை நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்த்தும் ரொம்ப நாளாகிறது.

"இல்லீங்க. நான் வரல."

குழாய்ப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"சின்னவன முழங்காலுக்கு மேல தண்ணியில எறக்காதீங்க. அலை வரும்போது ஒண்ணும் ஆகாது. திரும்பிப் போறப்பதான் இழுக்கும்."