முடி வெட்டச் சம்மதம்

'ஒருத்தன் வேண்டாம்னு பிடிவாதமா நின்னா...' என்று பெரியப்பா அடிக்கடி ஏதோ சொல்வார். ஏன் என்று கேட்கச் சொல்வாரா, எப்படியோ போகட்டும் என்று விடச் சொல்வாரா? தையல்காரிக்கு முன்பாதிதான் நினைவில் இருந்தது.

எதிரே இருந்தவன் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

வெல்டர் வேலை. இரண்டு கைகளிலும் பொறி பட்ட தழும்புகள். அவனுடைய ஆறு வயது மகள் எட்டு மாதமாகத் தையல்காரியின் வீட்டில் வளர்கிறாள். குழந்தை நல அலுவலகம் கொண்டுவந்து விட்ட பிள்ளை. வாரத்துக்கு ஒரு மணி நேரம், இந்த அலுவலகத்தில் வைத்து, அப்பா பார்த்துக்கொள்ளலாம்.

"மூணு தடவை ஃபாரம் அனுப்பியாச்சு. மூணு தடவையும் 'சம்மதம் இல்லை'ன்னு திருப்பி அனுப்பிட்டீங்க" என்றார் அதிகாரி அம்மா.

"முடி வெட்ட வேண்டாம் மேடம்."

தையல்காரிக்குப் பொறுக்கவில்லை. "தலை பூரா பேனுங்க. மருந்து போட்டாச்சு, சீப்பு போட்டு இழுத்தாச்சு. தோள் வரைக்கும் முடி, அத்தனையும் சிக்கு. பேன் போற வரைக்கும் அனுப்பாதீங்கன்னு ஸ்கூல்ல சீட்டுக் கொடுத்துட்டாங்க. வெட்டினா வளராதா? முடிதானே கேக்குறோம், கிட்னியையா கேக்குறோம்?"

அதிகாரி சிரிக்கவில்லை.

"பிள்ளை இருக்கிறது உங்க வீட்டுல. ஆனா உரிமை இன்னும் அவர்கிட்டதான் இருக்கு. ஆபரேஷன் பண்ணணும்னாலும், பள்ளிக்கூடம் மாத்தணும்னாலும், ஊரைவிட்டுக் கூட்டிட்டுப் போகணும்னாலும் அவர் கையெழுத்து வேணும்."

"முடிக்குக்கூடவா?"

"முடிக்கும்தான்."

அதிகாரி அவன் பக்கம் திரும்பினார். "பல்லு எடுக்கக் கையெழுத்துப் போட்டீங்க. கண்ணாடிக்குப் போட்டீங்க. ஸ்கூல் டூருக்கு மறுநாளே ஓடி வந்து போட்டீங்க. இதுல மட்டும் என்ன வீம்பு? நான் கோர்ட்டுக்கு எழுதினா, 'ஒத்துழைக்காத தகப்பன்'னு ஒரு வரி ஏறும். அந்த ஒரு வரியால பிள்ளை உங்ககிட்ட திரும்பி வர்றதே தள்ளிப்போகலாம். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"தெரிஞ்சுமா?"

அவன் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பார்த்தான். மகள் தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு கை வரைந்தது. இன்னொரு கை தலையைச் சொறிந்தது.

"இன்னொண்ணும் சொல்லணும் மேடம்" என்றாள் தையல்காரி. "நான் கத்திரிக்கோலும் கையுமாப் பிழைக்கிறவ. துணி வெட்டினா பக்கத்துல உக்காந்து வேடிக்கை பார்ப்பா. முடி வெட்டலாமான்னு வாயைத் திறந்தா போதும், பையில நாலு துணியைத் திணிச்சு, ஷூவை மாட்டிக்கிட்டு வாசல்படியில போய் உக்காந்துடுவா. தாஜா பண்ணி உள்ளே கூட்டிட்டு வர்றதுக்குள்ள எனக்கு அரை நாள் போயிடும். ஆறு வயசுல இந்த நாடகமெல்லாம் தானா வருமா? யாரோ வாராவாரம் சொல்லிக் கொடுத்துத்தான் வரும்."

வெல்டர் முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பையை எடுத்துக்கிறாளா?"

"ஆமா."

"ஷூவும் போட்டுக்கிறாளா?"

"அதான் சொல்றேனே."



"போன வருஷமும் இதே பேன்தான்க்கா. வீட்டுல நானும் அவளும் மட்டும்தானே, நானே வெட்டிவிட்டேன். சமையல்கட்டுக் கத்திரிக்கோல். காது நுனியில பட்டுடுச்சு. மறுநாள் டீச்சர் காயத்தைப் பாத்து விசாரிச்சாங்க. அந்தப் பேச்சுல, நான் நைட் ஷிஃப்ட் போறப்ப அவ தனியா படுத்துக்கிறதும் வெளியே வந்துடுச்சு. சாயந்தரமே ஒரு பையில நாலு துணியை வெச்சு, ஷூவைப் போட்டுவிட்டு, கார்ல ஏத்திட்டாங்க."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அன்று அந்தக் காரில் வந்தவர் அவர்தான்.

"உங்களைக் குத்தம் சொல்லலை மேடம். தப்பு என்னோடதுதான். ஆனா அவளுக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். முடியை வெட்டினாங்க, மறுநாள் வீட்டை விட்டு அனுப்பிட்டாங்க."

அவன் தையல்காரி பக்கம் திரும்பினான்.

"உங்களைத்தான் அத்தைங்கிறா. அத்தை வீட்டுல எனக்குன்னு ஒரு அலமாரித் தட்டு இருக்குப்பான்னு போன மாசம் சொன்னா. உங்க தையல் மெஷின் சத்தம் கேட்டாத்தான் தூக்கமே வருதாம். அங்கேயும் வெட்டினா, அந்த வீடும் போச்சுன்னு நினைச்சுக்குவாக்கா. அதான் வேண்டாம்னேன்."

"இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!" என்றாள் தையல்காரி.

"ஃபாரத்துல ரெண்டு கட்டம்தானேக்கா இருக்கு? சம்மதம், சம்மதம் இல்லை."

தையல்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். நானே உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக்கிறேன். எத்தனை நாள் ஆனாலும் ஆகட்டும்."

"அதுவரைக்கும் பள்ளிக்கூடம்?" என்றார் அதிகாரி.



அவன் கை நீட்டி ஃபாரத்தை வாங்கினான். 'சம்மதம்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்திட்டான். பிறகு தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, அதிகாரியின் பக்கம் நகர்த்தினான்.

'அடுத்த வாரம் நான் மகளைப் பார்ப்பது அத்தை வீட்டில் நடக்கட்டும். முடியை அத்தை வெட்டட்டும். நான் பக்கத்தில் இருப்பேன். வெட்டி முடித்ததும் நான் மட்டும் வெளியே போவேன். அவள் அங்கேயே இருப்பாள்.'