நம்ம தோட்டத்துக்கு மட்டும் மழை

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க வீட்டுல படுத்துக்கிட்டே மழைக் கணக்கு எழுதுறதா ஈப்போ ஆபீஸ்ல பேசிக்கிறாங்க."

ஈப்போவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய வானிலை ஆபீஸ் அதிகாரி இப்ராஹிம் இப்படிச் சொன்னதும், ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணி உடையப்பனுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"யாரு, நானா? தினமும் காலையில எட்டு மணிக்கு அந்த மழைமானி முன்னால நிக்கிறேன்லா! நானா பொய் எழுதுறேன்?"

உண்மைதான். எண்பத்து மூன்றாம் வருஷம் அது. ஈப்போ ஆபீஸுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. பல நாட்டு மழை, வெயில், ரப்பர் விலை எல்லாவற்றையும் அதற்குள் போட்டால், உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லிவிடுமாம். சுங்கை சிப்புட் பக்கத்து மழையைச் சொல்ல, மற்ற சில தோட்டங்களோடு இந்தத் தோட்டத்தையும் சேர்த்திருந்தார்கள்.

ஆபீஸ் முன்னால் புல்தரையில் வேலி போட்டு, மழைமானியை வைத்தார்கள். மேலே செம்புப் புனல், உள்ளே ஒரு பாட்டில். பாட்டில் தண்ணீரை அளந்து ஈப்போவுக்குப் போன் பண்ணுவது உடையப்பன் பொறுப்பு. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. "நம்ம மழை உலகக் கணக்குல போய்ச் சேருது, தெரியுமா?" என்று தோட்டம் பூரா சொல்லி வைத்திருந்தார்.

அந்த வருஷம் பார்த்தா வானம் கையை விரிக்க வேண்டும்!

"சுத்தி இருக்குற தோட்டமெல்லாம் காஞ்சு கிடக்கு, அண்ணே. எல்லாரும் சைபர் சொல்றாங்க. உங்க தோட்டத்துல மட்டும் வாரத்துல பாதி நாள் மழை. கம்ப்யூட்டரே குழம்பிப் போச்சு."

"பாட்டில்ல இருந்ததத்தான் சொன்னேன், தம்பி. நான் தூங்கினப்புறம் தூறியிருக்கும்னு நெனச்சுக்கிட்டேன்."

"இன்னொரு தடவ தப்பு வந்தா, மழைமானியப் பிடுங்கி வேற தோட்டத்துக்குக் குடுத்துருவாங்க. உங்களுக்கும் பொய்க் கணக்குக்காரர்னு பேராயிரும். தொரை காதுக்குப் போனா வேலைக்கே ஆபத்து."

இத்தனை வருஷ மரியாதை ஒரு பாட்டில் தண்ணீரில் போய்விடுமா? யோசித்த உடையப்பனுக்குச் சட்டென்று பொறி தட்டியது.

"ஜெயபாலன்! அவன் வேலைதான் இது!"

ஜெயபாலன் சின்ன கிராணி. கூப்பிட்டு நிறுத்தி, ஆபீஸே அதிர ஏசினார்.

"என் நாற்காலி மேல உனக்குக் கண்ணு. அதுக்காகத் தண்ணிய ஊத்துறியா?"

"ஐயோ, நான் அந்த வேலிக்குள்ள காலே வச்சதில்லீங்க!" என்றான் ஜெயபாலன். முகம் செத்துப்போய்விட்டது, பாவம்.

உடையப்பன் நம்பவில்லை. இப்ராஹிமை அன்று தன் வீட்டிலேயே தங்க வைத்தார். மறுநாள் காலை, பெரட்டில் ஆள் கணக்கெடுத்து முடிந்து ஆட்கள் பால்மரம் சீவப் போனதும், இருவரும் ஆபீஸ் முன்னால் நின்ற தோட்டத்து லாரிக்குப் பின்னால் போய்ப் பதுங்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

"வாரான் பாருங்க," என்று கிசுகிசுத்தார் உடையப்பன்.

வந்தது ஜெயபாலன் இல்லை. ஆபீஸ் கூட்டித் துடைக்கும் இருளாயி. வாளியை இறக்கி வைத்தாள். வேலிக்குள் போனாள். ஒரு குவளைத் தண்ணீரை மொண்டு, சிந்தாமல் புனலில் ஊற்றினாள்.

"ஏய், இருளாயி!"

லாரிக்குப் பின்னாலிருந்து பாய்ந்து வந்த உடையப்பனைப் பார்த்ததும் அவள் கையிலிருந்த குவளை கீழே விழுந்தது.

"ஜெயபாலன்தானே உன்ன ஏவி விட்டான்? உண்மையச் சொல்லு!"

"இல்லீங்கய்யா! அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் தெரியாது. நானாத்தான் ஊத்துனேன்."

"ஏன்? உனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

இருளாயி முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"சும்மா சொல்லுங்கக்கா, ஒண்ணும் பண்ண மாட்டாங்க," என்றார் இப்ராஹிம், இதமாக.

"அது என்னா டப்பான்னு எனக்குத் தெரியாதுங்க. ஐயா தினமும் வந்து தொறந்து பாப்பாரு. உள்ள காஞ்சு கிடந்தா, அன்னைக்குப் பூரா ஆபீஸ்ல யாரும் தலை நிமிர முடியாது. சின்ன கிராணி கண்ணக் கசக்கிக்கிட்டு நிப்பாரு."

"அதுக்கு?" என்றார் உடையப்பன். குரல் பாதி இறங்கியிருந்தது.

"உள்ள தண்ணி இருக்குற அன்னைக்குத்தானய்யா நீங்க சிரிச்சுக்கிட்டே வந்து, 'சாப்டியா இருளாயி'ன்னு கேக்குறீங்க!"