புடவையோடு ஒரு தையல்

பூவேலைக் குழுவில் எல்லோரும் ஒரே பெரிய துணியைச் சுற்றி உட்கார்ந்து தைப்பார்கள். புதிதாகச் சேர்ந்த மரகதவல்லி மட்டும் யாரோடும் பேசமாட்டாள். டீ வருவதற்குள் கிளம்பிவிடுவாள்.

அன்று கத்தரிக்கோல் பதறியது. "ஏ ஊசி, துணியோட அவ புடவையையும் சேர்த்துத் தைக்கிறியே, கண்ணு தெரியலையா?"

"தெரியுது. நீ சும்மா இரு," என்றது ஊசி.

மரகதவல்லி எழுந்தாள். எல்லோர் மடியிலிருந்தும் துணி உருவிக்கொண்டு அவளோடு போனது. எல்லோரும் சிரித்தார்கள், அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"உட்காருங்கக்கா, பிரிச்சு விடுறோம்" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டு கத்தரிக்கோலை எடுத்தார்கள். டீயும் வந்தது.

எந்த நூலையும் ஒரே கடியில் நறுக்கும் கத்தரிக்கோல், அந்த ஒற்றை நூலை மென்றுகொண்டே இருந்தது.

"என்னாச்சு?" என்றது ஊசி.

"இன்னைக்கு மழுங்கிட்டேன்," என்றது கத்தரிக்கோல். "அவ இன்னும் டீ குடிச்சு முடிக்கலையே."